வளவ்வத் தோட்டத்துக்கு எங்களை அனுப்பியவளுக்கு

மாத்தளை,
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கிருஷாந்திக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் அம்மன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி போன மாதத்தைவிடக் குறைவு, எனக்குச் சீனி கூடவும் இல்லை குறையவும் இல்லை. உன் சுகத்தை நீ போனில் சொல்கிறபோது நான் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறேன், காய்ச்சலில் கிடந்தபோதும் அதே குரலில்தானே சுகம் என்று சொன்னாய், ஆகையால் மற்றப் பாதியைக் கைப்பட எழுது. தினமும் போனில் முகம் பார்க்கிற அப்பா எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தார் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன், இப்போதே கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. உன் கல்யாணப் பேச்சை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் லைன் சரியில்லப்பா, விட்டு விட்டுக் கேக்குது என்பாய். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் மட்டும் கணீரென்று கேட்கும். நான் தலை நரைக்கும்வரை பஸ்ஸில் டிக்கட் செக்கராக இருந்தவன். டிக்கட் எடுக்காதவன் என்னைக் கண்டதும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குவான், நான் முதலில் அவனிடம்தான் போவேன். நீ ஒரு வருஷமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. குசினிக் கூரை மறுபடியும் ஒழுகுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் பலா மரத்தில் காய் குறைந்துவிட்டது என்று தானாகவே வந்து சொன்னார், அவராக ஏன் சொல்ல வேண்டும் என்று நான் மதில் பக்கம் ஒரு கண் வைத்திருக்கிறேன். உன் ரமணன் மாமா கொண்டுவந்த கலேவெல சம்பந்தம் அப்படியே நிற்கிறது. மரக்கறி மொத்த வியாபாரம், நல்ல குடும்பம், தீபாவளிக்குள் ஒரு பதில் சொல்லுங்கள் என்கிறார்கள். மாமா வந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, என்ன மச்சான், பிள்ள என்ன சொல்றா என்று கேட்டுவிட்டுப் போகிறான், நான் லைன் சரியில்லையாம் என்று சொல்லி அனுப்புகிறேன். இப்படி இருக்கும்போதுதான் நீ ஒரு நாள் போன் எடுத்து, பலாபத்வலைக்கு உள்ளே இருக்கிற பழைய வளவ்வத் தோட்டத்தை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பார்க்கத் திறந்துவிடுகிறார்கள், உங்கள் இரண்டு பேர் பெயரையும் இன்டர்நெட்டில் பதிந்துவிட்டேன், கட்டாயம் போங்கள் என்றாய். அன்றைக்கே எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. வாசலில் நிற்கிற கறிவேப்பிலை மரத்துக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றாத பிள்ளை, கனடாவில், கல்கரியில் இருந்துகொண்டு அப்பா அம்மாவைத் தோட்டம் பார்க்க அனுப்புகிறாள். அதோடு விட்டாயா, அம்மா அரக்குச் சேலைதான் கட்ட வேண்டும், நான் செருப்புப் போடாமல் சப்பாத்துப் போட வேண்டும், நீ அனுப்பிய பறவைப் படம் போட்ட குடையைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாய். தோட்டம் பார்க்கப் போகிறவனின் காலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டதற்கு, லைன் சரியில்லை என்றாய்.

அந்த வளவ்வயின் மதிலை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் ஊரை ஆண்ட பெரிய சிங்களக் குடும்பத்து வீடு, பஸ் அந்த வளைவில் மூச்சு வாங்கித் திரும்பும்போது பாசி பிடித்த செங்கல் மதில் மட்டும் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு நாளும் கண்டதில்லை. இத்தனை காலம் பூட்டி வைத்தவர்கள் இப்போது எதற்குத் திறக்கிறார்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. வாசனைத் திரவியத் தோட்டம் என்று உள்ளே கூப்பிட்டு, தலையில் எண்ணெய் தேய்த்து, ஒரு போத்தலைக் கையில் திணித்து விடுகிற இடங்கள் நம் ரோட்டில் எத்தனை இருக்கின்றன. அதனால் வாசலிலேயே அம்மாவிடம், யார் எதக் குடுத்தாலும் மோந்து மட்டும் பாரு, கையில வாங்காத என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். ஆனால் எண்ணெயும் இல்லை, போத்தலும் இல்லை. கேட்டில் விசில் கட்டிய ஒரு வாச்சர், வெள்ளைச் சேலை கட்டிய அந்த வீட்டுக்கார நோனா, எதையும் பறிக்கக் கூடாது எடுத்துப் போகக் கூடாது என்று சிங்களத்திலும் இங்கிலீசிலும் ஒரு போர்டு, தமிழில் இல்லை. உள்ளே மதிலைச் சுற்றி மிளகுக் கொடி ஏறி நிற்கிறது, நடுவில் அல்லிக் குளம், ஒரு மூலையில் சாதிக்காய் மரங்கள், இன்னொரு மூலையில் அடுக்கு மல்லிகை பந்தல் போட்டு நிற்கிறது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. இவ்வளவு அழகை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே மதிலை மட்டும் காட்டினார்களே என்றுதான் எனக்குக் கோபம்.

குளத்தடிக்கு வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, எங்களை ஒரு ஆணும் பெண்ணும் பின்தொடர்கிறார்கள். என் வயசு இருக்கும் அந்த ஆளுக்கு, கறுப்புப் பை ஒன்று தோளில், பெண் கழுத்தில் சின்னச் சிலுவை. நாங்கள் நின்றால் நிற்கிறார்கள், நடந்தால் நடக்கிறார்கள். நான் திரும்பிப் பார்த்தால் அந்த ஆள் உடனே மரத்தைப் பார்க்கிறான், என்னிடமே ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறான். நான் அம்மாவிடம், பரிமளம், கைப்பையை முன்னால புடி என்றேன். அவள் மல்லிகைப் பக்கம் போய்விட்டாள். அம்மாவுக்கு உன் யோசனை எல்லாம் முன்பே தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன், காலையில் வடை சுடும்போது இரண்டு பேர் சாப்பிடுகிற அளவுக்கா சுட்டாள். கேட்டால் குசினிக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுகிறாள். அது கிடக்கட்டும். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்து பார்த்தேன், அந்த ஆள் குனிந்து, கீழே கிடந்த சாதிக்காய் ஒன்றை எடுத்தான், முகர்ந்தான், சுற்றுமுற்றும் பார்த்தான், பையைத் திறந்து கையை உள்ளே விட்டான். செக்கர் வேலையை விட்டாலும் செக்கர் புத்தி விடவில்லை மகள். நேரே வாச்சரிடம் போய்ச் சிங்களத்தில், அந்த மாத்தையா பையைக் கொஞ்சம் பாருங்கள், என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன்.

வாச்சர் அந்த ஆளை நிறுத்தினார். அந்த ஆளின் முகம் சிவந்துபோயிற்று, ஆனால் பையைத் தானே திறந்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகக் கல்படியில் எடுத்து வைத்தார். வாழை இலையில் கட்டிய சோறு, தண்ணீர்ப் போத்தல், மருந்துப் பெட்டி, ஜெபமாலை, ஒரு குடை, அழுக்கான கைலேஞ்சி ஒன்று. சாதிக்காய் இல்லை. அவர் மனைவி மரத்தடியைக் காட்டினாள், காய் வேரின் மேல் பத்திரமாக இருந்தது, அவர் பைக்குள் போட்டது கை துடைத்த லேஞ்சி. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நகரப் பார்த்தேன். வாச்சர் விடவில்லை, ஒருவர் பையைப் பார்த்தால் சொன்னவர் பையையும் பார்க்கத்தானே வேண்டும் என்றார். அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்தாள், வாச்சர் வாங்கித் திறந்தார். ஈரத் தாளில் சுற்றி, அப்போதுதான் ஒடித்த அடுக்கு மல்லிகைக் குச்சி, ஒடித்த இடத்தில் ஈரம் கூடக் காயவில்லை. கையும் களவுமாக நின்றோம், என் முகத்தில் ஈயாடவில்லை. வாச்சர் விசிலை வாயில் வைத்துவிட்டார், நோனா எங்கள் பக்கம் திரும்பிவிட்டார். அப்போது அந்தக் கறுப்புப் பைக்காரர், அது பாதையில ஒடஞ்சு கெடந்திச்சு, நான்தான் பொறுக்கி இந்த அக்காட்ட குடுத்தேன் என்று சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார். வாச்சர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போங்க போங்க என்று கையை ஆட்டிவிட்டார். நான் திருடன் என்று காட்டிக்கொடுத்த மனிதன் எனக்காகப் பொய் சொல்கிறான். வெட்கமாகவும் இருந்தது, இவ்வளவு சுலபமாகப் பொய் வருகிற ஆளை நம்பலாமா என்றும் இருந்தது, இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறக்கும்போதுதான் அம்மா என் கையைக் கிள்ளினாள். அவள் கண் கல்படியில் கிடந்த குடையில் இருந்தது. எங்கள் குடையின் அதே நீலம், அதே பறவை. கடையில் ஆயிரம் குடை ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் பிடியைப் பார்த்தேன். சிவப்புக் கம்பளி நூல், இரண்டு சுற்று, முடிச்சுக்கு மேல் முடிச்சு. பஸ்ஸில் குடையைத் தொலைத்துத் தொலைத்து வந்த பிள்ளைக்கு, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டு என்று சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த முடிச்சு உன் முடிச்சு. என் மகள் தன் கையால் நூல் கட்டி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குக் குடை அனுப்பியிருக்கிறாள், பெற்ற அப்பனுக்கு ஒரு லேஞ்சி வரவில்லை. அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. இரண்டு பெண்களும் இரண்டு குடையை விரித்தார்கள், ஒரே மாதிரி இரண்டு குடைக்குக் கீழே நின்று ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள், நாங்கள் இரண்டு ஆண்களும் நனைந்துகொண்டு நின்றோம்.

பழைய வண்டிக் கொட்டகையில் தேத்தண்ணி கொடுத்தார்கள், நாலு பேரும் ஒரே வாங்கில் உட்கார்ந்தோம். அந்த அம்மா பெயர் ஸ்டெல்லா, அவர் பேர்னாட், வஹகோட்டை ஆட்கள், கத்தோலிக்கச் சிங்களவர்கள். எங்க மகன் கல்கரியில இருந்து அனுப்பினார் இந்தக் குடைய என்று ஸ்டெல்லா சொன்னாள். எங்க மகளும் அங்கதான் என்று அம்மா சொன்னாள். நாலு பேரும் கோப்பையைக் கீழே வைத்தோம். அவர்களுக்கும் சப்பாத்துப் போட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான் அவன், பேர்னாட்டின் சப்பாத்தும் என்னுடையது மாதிரியே அலுமாரியில் கிடந்து வெடித்த சப்பாத்து. அவர்களுக்கும் என் மேல்தான் சந்தேகமாம், இந்த ஆள் ஏன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான், வளவ்வக்காரர் வைத்த உளவாளியோ என்று பேசிக்கொண்டார்களாம். அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. நாம் பெண் பார்க்க என்ன செய்வோம். சாமி கும்பிடப் போகிற மாதிரி மகளைக் கோயிலுக்குக் கூட்டிப் போவோம், மாப்பிள்ளை வீட்டார் சாமி கும்பிட வந்த மாதிரி தூணுக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள், பிடித்தால் பேச்சு, பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. நீ அதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டாய். எங்கள் கோயிலும் இல்லாத, அவர்கள் வேதக்கோயிலும் இல்லாத ஒரு இடமாகத் தேடி, பெற்றவர்களைக் குளத்தடியில் நிற்கவைத்துப் பார்க்க வைத்துவிட்டாய்.

சும்மா ஒத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். எண்பத்து மூன்று கலவரத்தில் உன் தாத்தாவுடைய சைக்கிள் கடை எரிந்தது. எரித்தவனும் சிங்களவன், எங்களைப் பின்வாசலால் லொறியில் ஏற்றி அனுப்பியவனும் சிங்களவன், அதனால் நான் எந்தப் பக்கமும் ஒரேயடியாகச் சாய்வதில்லை, எல்லாப் பக்கமும் சந்தேகப்படுவேன். எனக்குப் பயமாக இருக்கிறது மகள். நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் நீ எந்த வீட்டுப் பிள்ளை, உன் பிள்ளைகள் எந்தக் கோயிலுக்குப் போகும், எங்களை யார் வீட்டில் உட்கார வைப்பார்கள் என்று அந்த வாங்கில் இருந்துகொண்டே யோசித்தேன். அம்மா அதற்குள் உன் விசாவுக்காக வஹகோட்டை அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்ததை எல்லாம் ஸ்டெல்லாவிடம் சொல்லி, வடையையும் எடுத்து வைத்துவிட்டாள். அவர்கள் சோற்றுப் பொதியைப் பிரித்து எங்களுக்கும் பங்கு வைத்தார்கள். நான் பேர்னாட்டிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவராம், வஹகோட்டைப் பக்கத்தில் அவர் சைக்கிள் போகாத ஒழுங்கை இல்லையாம். மகனைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, அவன் பெயரைக் கூடக் கேட்கவில்லை. அவரும் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு ஆரம்பமாகிவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மழை விட்டு, கேட்டில் பிரியும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்ப மாத்தையா, நாம என்ன செய்யலாம் என்று கேட்டார். என் வாயில் வந்தது என்ன தெரியுமா. வீட்டுக்குப் போய்க் கடிதம் போடுறோம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன். உனக்கு அதன் அர்த்தம் தெரியும். நம் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல வாய் வராதவர்கள் சொல்கிற வார்த்தை அது. உன்னைக் கோயிலில் பார்த்துவிட்டுப் போன அத்தனை பேரும் அதைத்தான் சொன்னார்கள். வேண்டாம் என்று நினைத்துத்தான் சொன்னேனா, பழக்கத்தில் வந்துவிட்டதா என்று எனக்கே தெரியவில்லை. அம்மா என்னை முறைத்த முறைப்பில் நான் எரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மனிதருக்கு நம் வார்த்தை எப்படித் தெரியும். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இப்ப யாரும் கடிதமே எழுதுறதில்ல மாத்தையா, நீங்க எழுதுறேன்னு சொன்னது பெரிய சந்தோஷம் என்று சொல்லி, தோட்டத்து டிக்கட்டின் பின்பக்கத்தில் தன் முகவரியை முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். நாங்க பாத்துக்கிட்டிருப்போம் என்று ஸ்டெல்லாவும் சொன்னாள். நாங்கள் த்ரீவீலில் ஏறிய பிறகும் அவர்கள் கையசைத்துக்கொண்டுதான் நின்றார்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. எங்களுக்குக் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிப் போனவர்கள் ஒருவரும் போடவில்லை. அர்த்தம் தெரிந்திருந்தும், தபால்காரரின் மணி கேட்கிற போதெல்லாம் உன் அம்மா வாசலுக்குப் போனாள், வெறுங்கையோடு திரும்பி வந்தாள், நீ அறைக்குள் இருந்துகொண்டு அதைப் பார்த்தாய். வஹகோட்டையில் அர்த்தமே தெரியாமல் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வாசலுக்கு நான் அப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் முதல் கடிதம் உனக்கு. போனில் கேட்டால் லைன் போய்விடும், எழுத்தில் தப்பிக்க முடியாது. அந்தப் பையனின் பெயர் என்ன, குடிப்பானா, கோபக்காரனா, உன்னை மதம் மாறச் சொல்வானா, இதற்கெல்லாம் உன் கையால் பதில் எழுது. பொய் சொல்லாதே, நான் கண்டுபிடித்துவிடுவேன். கலேவெலக்காரருக்கு ரமணன் மாமா மூலம் நேற்றே பதில் அனுப்பிவிட்டேன். கடிதம் போடுறோம்னு சொல்லிட்டு வந்திடாத, வேணாம்னே சொல்லிட்டு வா என்று மாமாவிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். வஹகோட்டைக்குப் போக வேண்டிய கவரில் முகவரி எழுதி முத்திரையும் ஒட்டி ரேடியோ மேல் வைத்திருக்கிறேன். உள்ளே வைக்கிற தாள்தான் இன்னும் வெறுமையாக இருக்கிறது, உன் பதில் வந்ததும் எழுதுவேன்.

அம்மனும், அம்மா சொல்கிறபடி அந்தோனியாரும், உன்னைக் காக்கட்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, வேலைக்குப் போகிற அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விடாதே. மல்லிகைக் குச்சியை அம்மா பூந்தொட்டியில் நட்டிருக்கிறாள், வேர் பிடிக்காது என்பது என் அபிப்பிராயம். அடுத்த பார்சலில் எனக்கும் ஒரு குடை அனுப்பு, பறவை எல்லாம் வேண்டாம், கறுப்புப் போதும், பிடியில் நூல் கட்டி அனுப்பு. அந்த மனிதரும் அன்றைக்கு நனைந்துகொண்டுதான் நின்றார், அவருக்கும் ஒன்று வாங்கு.

இப்படிக்கு,
இன்னும் முழுச் சந்தேகம் தீராத உன் அப்பா,
மு. அழகுமுத்து